ஆறு மணிக் கைதட்டல்

யாங்கோனின் ஷ்வேப்யிதாவிலிருந்து பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் தன்லியின் ஊர்ப் பாலத்துக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தபோது, விநாயகமூர்த்தி ஒரு பிஸ்கட் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இன்னும் அதைக் கையில வெச்சுக்கிட்டேவா நிக்கிறீங்க?" என்றாள் ரத்தினம்மாள். எண்ணெய்ச் சட்டியில் வடை பொரிந்துகொண்டிருந்தது. மனைவியும் கொஞ்சம் பொரிந்துகொண்டுதான் இருந்தாள்.

"எங்க வைக்கிறதுன்னு பார்க்கிறேன்."

"அரிசி டின்னுக்குள்ள வைங்க."

"நாளைக்கு நீ சோத்துல கலந்துட்டேன்னா?"

"அப்ப ஆத்துல போடுங்க."

ஆற்றில் போடுகிற பொருளா அது? டப்பாவில் இருந்தது கவா. நம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு வேரின் பொடி. லத்தா வட்டாரத்தில் மசாலாக் கடை வைத்திருக்கும் சுலைமான் பாயின் மகன் மாஹிர் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் ஃபிஜித் தீவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

"அங்கயும் நம்ம தமிழாளுங்க இருக்காங்க மாமா," என்று அன்றைக்கு அவன் இதே கூடத்தில் உட்கார்ந்து விளக்கியிருந்தான். "நம்ம பாட்டன்மாரு பர்மாவுக்குக் கப்பலேறின மாதிரி அவங்க பாட்டன்மாரு அங்க போக ஏறினவங்க. சாயங்காலமானா வட்டமா உட்காருவாங்க. இந்தப் பொடியைத் துணியில கட்டித் தண்ணில பிசைஞ்சு, கொட்டாங்கச்சியில ஊத்தி, ஒருதரம் கைதட்டிட்டு ஒரே மடக்கு. குடிச்சு முடிச்சு மூணுதரம் கைதட்டு. தலை சுத்தாது, கால் தள்ளாடாது. நாள் முழுக்கத் தூக்கின மூட்டையை இறக்கி வெச்ச மாதிரி இருக்கும். நாக்கு மட்டும் கொஞ்ச நேரம் மரத்துப் போகும்."

"நாக்கு மரத்துப் போகுமா?" என்று ரத்தினம்மாள் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ஏறி நின்னு பேசவும் முடியாதுல்ல. கொடுப்பா, தினமும் குடிக்கட்டும்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு ஒரு கதை உண்டு. அதைத் தன்லியினில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும் இடத்தில் மேஸ்திரியாக இருக்கிற விநாயகமூர்த்தி, ஒரு நாள் மாலை நன்றாக ஏற்றிக்கொண்டு, பாலத்து முனையில் நின்ற ஒரு சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவின் மேல் ஏறிவிட்டார். ஏறி, பாலம் என்றால் என்ன என்பதைப் பற்றித் தமிழிலும் பர்மிய மொழியிலும் மாறி மாறி ஒரு பிரசங்கம் செய்தார். பஸ்கள் நின்றன. பாலத்தில் கூட்டம் கூடிப் போலீஸ் வந்தது. போலீஸ்காரரையும் ஒரு பாலம் என்றே அவர் வர்ணித்தார். அவருக்கு அதில் ஒரு சொல்கூட ஞாபகமில்லை. ஊருக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது.

ஞாபகம் இருந்ததன் பலன் மகள் புஷ்பலதாவுக்குக் கிடைத்தது. பெகுவிலிருந்து அவளைப் பார்க்க வந்தவர்கள் வழியில் டீ குடிக்க இறங்கினார்கள். டீயோடு கதையையும் குடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். புஷ்பலதா அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அடுக்கி வைத்திருந்த தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள். மகள் கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்தத் தட்டுச் சத்தம்தான் அவரைக் கொன்றது.

அன்றைக்குக் குடியை விட்டவர்தான். அடுத்த மாதமே திஞ்சான் வந்தது. ஊரே உள்ளும் புறமும் நனைகிற அந்தத் தண்ணீர்த் திருவிழாவில், வெளியே மட்டும் நனைந்த ஒரே மேஸ்திரி விநாயகமூர்த்திதான். இப்போது அடுத்த திஞ்சான் வரப்போகிறது. மெலிந்த வயிற்றைத் தடவிக்கொண்டு தெருவில் நடக்கும்போது அவருக்கு நெஞ்சு தானாக நிமிரும். குடித்து விழுந்தால் பார்க்க நூறு பேர் வருகிறார்கள், குடிக்காமல் நடந்து போனால் ஒருத்தன் திரும்பிப் பார்க்கிறானா என்பதுதான் அவருடைய ஒரே மனக்குறை.

சரி, அப்படிப்பட்டவர் கவாவை ஏன் ஒளிக்க வேண்டும்? எல்லாம் சுலைமான் பாய் போனில் சொன்னதால் வந்தது. இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்ததே அவர்தான்.

"பையனோட அம்மா விஜயகுமாரி இருக்காங்களே, ரொம்பக் கறாரு," என்றிருந்தார் பாய். "குடி இருக்கிற வீட்டுல காலை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல ஒரு சொட்டு இருந்தாலும் வந்த வண்டியிலயே திரும்பிடுவாங்க."

"நம்ம வீட்டுலதான் கவாவைத் தவிர ஒண்ணும் கிடையாதே பாய். அதைப் பத்தி அவங்ககிட்ட..."

"அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம் மூர்த்தி, கடையில கூட்டம் நிக்குது," என்று பாய் போனை வைத்துவிட்டார்.

நேரில் எப்படிப் பேசுவது? சேற்றுத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, பொழுது சாய்கிற நேரத்தில் கைதட்டிக் குடிக்கிற ஆளைப் பார்த்து, இது குடியே இல்லை என்று எந்தச் சம்பந்தி நம்புவார்? அதுவும் பாலத்துப் பிரசங்கம் செய்த ஆளை? இன்னொரு தரம் அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்க விநாயகமூர்த்தியால் ஆகாது.

வாசலில் டாக்ஸி வந்து நின்ற சத்தம் கேட்டது.

மனிதனுக்கு அவசரத்தில்தான் அபாரமான யோசனைகள் வரும். புஷ்பலதாவின் கண்ணாடி மேசையில் தனக்காப் பொடி வைக்கிற வெள்ளை டப்பா காலியாகக் கிடந்தது. கன்னத்தில் பூசுகிற தனக்காவும் இவருடைய கவாவும் பார்க்க ஒரே நிறம். பிஸ்கட் டப்பாவில் மிச்சமிருந்ததை அதில் கொட்டி மூடினார். யாங்கோனில் எந்த வீட்டிலும் தனக்கா டப்பாவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மத்தியானமே பிசைந்து வைத்த கவா ஒரு பித்தளைச் செம்பு நிறைய இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் மாடத்தில் வைத்து, மேலே ரெண்டு துளசி இலையைப் போட்டார்.

"பேரு கொடுத்தவரே, கொஞ்ச நேரம் பார்த்துக்கும்," என்று கும்பிட்டுவிட்டு, கொட்டாங்கச்சியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

பையனின் அப்பா சுப்பிரமணியம் ஆள் நல்ல பருமன். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் பாக்டரியில் சூப்பர்வைசர். மடிப்புக் கலையாத சட்டை, புது லோஞ்சி, நெற்றி நிறையத் திருநீறு. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. கூடத்தின் மூலைகளைப் பார்த்தார். அலமாரிக்கு மேலே பார்த்தார். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து நாற்காலிக்கு அடியிலும் பார்த்தார்.

'சோதனை போடறார்,' என்று நினைத்துக்கொண்டார் விநாயகமூர்த்தி.

"பாலம் வழியாத்தான் வந்தோம்," என்றார் சுப்பிரமணியம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கை லேசாக நடுங்கியது. "முனையில வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார்த்தேன்."

விநாயகமூர்த்தி அவசரமாக ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "அங்க பார்க்க என்ன இருக்கு? வெறும் பாலம்."

"அந்த இடத்தை ஒரு தரம் பார்க்கணும்னு தோணிச்சு." சுப்பிரமணியம் விநாயகமூர்த்தியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை தெரிந்தேதான் வந்திருக்கிறார். தெரிந்தும் வந்திருக்கிறார் என்றால் கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் கூடம் அடுப்பங்கரையாகிவிட்டது. பையன் கணேஷ்குமாருக்கு மட்டும் அது தெரியவில்லை. அவன் சமையற்கட்டு வாசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரைக்குக் கீழே புஷ்பலதாவின் பாதங்கள் தெரிந்தன. பாதங்களைப் பார்த்தே ஒருவன் இப்படிச் சந்தோஷப்படுவானா என்று விநாயகமூர்த்திக்கு ஆச்சரியமாக இருந்தது. பையனைப் பிடித்தும் போயிற்று. பயம் அதனால் இன்னும் கூடியது.

"வேர்த்துக் கொட்டுதே அண்ணி," என்று ரத்தினம்மாள் விஜயகுமாரியின் கையைப் பிடித்தாள். "வாங்க, முகம் கழுவிட்டு ரெண்டு கன்னத்துலயும் தனக்கா பூசிக்குங்க. குளுகுளுன்னு இருக்கும்."

பெண்கள் உள்ளே போனார்கள். 'தனக்கா' என்ற சொல் விநாயகமூர்த்தியின் காதில் விழுந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் திரும்பியும் வந்துவிட்டார்கள். விஜயகுமாரியின் கன்னங்களிலும் மூக்கிலும் நாடியிலும் அவருடைய கவா தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. ரத்தினம்மாளின் கையில் வெள்ளை டப்பா.

"நல்ல தனக்கா," என்றாள் விஜயகுமாரி. "மிளகு வாசனை அடிக்குதே, எங்க வாங்கினது?"

"ஷ்வேபோ ஊர்ச் சரக்கு அண்ணி," என்று ரத்தினம்மாள் கூசாமல் பெருமையடித்தாள். "எங்க வீட்டுல எப்பவும் ஷ்வேபோதான்."

"தொடச்சிடுங்களேன்," என்று விநாயகமூர்த்தியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னது?"

"இல்ல, வேர்வையை. துண்டு தரட்டுமான்னு கேட்டேன்."

"யபாதே, இருக்கட்டும்," என்றாள் அவள், பர்மியத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக மரியாதையோடு.

இருக்க அது தனக்கா இல்லையே. புழுக்கத்தில் கன்னத்துக் கவா கரைந்து மெதுவாக உதட்டுப் பக்கம் இறங்கியது. விஜயகுமாரி உதட்டை நாக்கால் துழாவினாள். பிறகு இன்னொரு தரம் துழாவினாள். ஏதோ சரியில்லை என்று அவள் முகம் யோசித்தது.

"பொண்ணு என்ன பழ... பழிச்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். விரலால் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பையனின் அம்மா பேச்சை நிறுத்திவிட்டால் பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்? ரத்தினம்மாள் கண்ணாலேயே கணவனைக் கேட்டாள், என்ன தப்பாகப் போயிற்று என்று. தெரியாது என்று அவர் கண்ணாலேயே பொய் சொன்னார்.

சுப்பிரமணியம் நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தட்டில் இருந்த லபெத் தேயிலை ஊறுகாயையும் வடையையும் தொடவே இல்லை. தண்ணீரை மட்டும் தம்ளர் தம்ளராகக் குடித்தார்.

"சாயங்காலம் ஆனா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"வேலை முடிஞ்சு நேரா வீடுதான்."

"வழியில எங்கயும் இழுக்காதா?"

"எங்கயும் இழுக்காது. அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்."

"வீட்டுக்கு வந்து?"

"சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"சும்மான்னா, கையில ஒண்ணுமே இல்லாமயா?" சுப்பிரமணியம் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது ஒண்ணு இருக்கணுமில்ல. பொழுது சாயிற நேரம் லேசான நேரமில்லையே."

கிடுக்கிப்பிடி போடுகிறார் என்று விநாயகமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "ஒண்ணுமே கிடையாது. தண்ணியைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன்."

சுப்பிரமணியத்தின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவியோ உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

'நம்பலை. ஒரு சொல்லும் நம்பலை,' என்று விநாயகமூர்த்தி உள்ளுக்குள் வெந்தார். அந்த நேரத்தில்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊ தெய்ன் பர்மிய மொழியில் குரல் கொடுத்தார்.

"ஊ மூர்த்தி, ஆறாகிப் போச்சே. இன்னிக்கு உங்க கைதட்டல் கேக்கலையே. எங்க வீட்டுல அதைக் கேட்டுத்தான் உலை வைப்போம்."

சுப்பிரமணியம் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம் வந்தது. "கைதட்டலா? என்ன கைதட்டல்?"

"அது... பஜனை," என்றார் விநாயகமூர்த்தி. "தினமும் ஆறு மணிக்கு வீட்டுல பஜனை. பாடிக் கைதட்டுவோம்."

"பஜனையா," என்றார் சுப்பிரமணியம். வெளிச்சம் அணைந்துவிட்டது. கணேஷ்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்பா கையமர்த்தினார். "சாமி காரியம். எங்களால தடைப்பட வேண்டாம். நடத்துங்க, நாங்களும் உட்கார்றோம்."

ரத்தினம்மாள் கணவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பஜனை என்று ஒன்று நடந்ததே இல்லை. இருந்தாலும் புருஷனை விட்டுக்கொடுப்பவள் இல்லை அவள். பாயை விரித்தாள், விளக்கை ஏற்றினாள்.

விநாயகமூர்த்தி பிள்ளையாருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாட்டு? ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்றார். அதற்கப்புறம் என்ன என்று தெரியாததால் மறுபடி "முருகா" என்றார். ரத்தினம்மாளும் "முருகா" என்றாள். உள்ளேயிருந்து புஷ்பலதாவும் "முருகா" என்றாள். அவளுக்குத் தமிழை விடப் பர்மியம்தான் சரளம் என்றாலும் இந்த ஒரு சொல் பிசகவில்லை. அண்ணனிருக்கத் தம்பியைக் கூப்பிடுகிறார்களே என்று பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்ட வேண்டுமே. கை தன் பழக்கத்தை விடுமா? ஒருதரம் தட்டியது. தட்டியவுடன் இல்லாத கொட்டாங்கச்சியைப் பிடிக்க நீண்டது. தலை பின்னால் சாய்ந்து, தொண்டை ஒரே மடக்காக ஒன்றுமில்லாததை விழுங்கியது. பிறகு கை மூன்றுதரம் தட்டியது. "முருகா" என்றார். மறுபடியும் ஒருதரம், ஒரு விழுங்கல், மூன்றுதரம்.

சுப்பிரமணியம் அவருடைய தொண்டையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படியோ முடித்தாயிற்று. அப்பாடா என்று எழுந்த விநாயகமூர்த்திக்கு முன்னால், ரத்தினம்மாள் மாடத்திலிருந்து செம்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு?"

"பஜனை முடிஞ்சா தீர்த்தம் கொடுக்க வேண்டாமா?"

"வேண்டாம். அது நேத்தி தீர்த்தம்."

"தீர்த்தத்துல நேத்தி என்ன, இன்னிக்கி என்ன? தள்ளுங்க."

விளக்கு வெளிச்சத்தில் செம்புக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ரத்தினம்மாள் உத்தரணியால் எடுத்துச் சுப்பிரமணியத்தின் கையில் விட்டாள். அவர் பக்தியோடு வாயில் விட்டுக்கொண்டார். கை தலையில் துடைக்கப் போன வழியில் நின்றது. கண் அகலமாக விரிந்தது.

"இன்னொண்ணு குடுங்க தங்கச்சி."

இன்னொன்று கொடுத்தாள். அவர் அதையும் குடித்தார். பிறகு அந்த மனிதர், திருநீறும் மடிப்புச் சட்டையுமாக, செம்பையே அவள் கையிலிருந்து வாங்கி அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டார். ஒரு துளசி இலை மீசையில் ஒட்டிக்கொண்டது. நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். பெருமூச்சு விட்டார். கையில் இருந்த நடுக்கம் குறைந்திருந்தது.

"நாக்கைக் காணோம்," என்றார் நிம்மதியாக.

ரத்தினம்மாள் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். கலங்கலாக, சேறாக இருந்தது. புருஷனின் கவா பிஸ்கட் டப்பாவோடு எங்கோ போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு வேறொன்றுதான் தோன்றியது. "ஐயோ, பல்லி விழுந்திருக்குங்க. தீர்த்தத்துல பல்லி விழுந்திருக்கு."

"விஷமா?" என்று கணேஷ்குமார் துள்ளி எழுந்தான். "அப்பா, எழுந்திருங்க. டாக்ஸி கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"உழடு," என்றாள் விஜயகுமாரி அப்போது, தன் வாயைச் சுட்டிக் காட்டி. "எனக்கும் உழடு..."

"அண்ணி செம்பைத் தொடவே இல்லையே," என்று ரத்தினம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு புஷ்பலதா வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தொடாத வடைத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தம்தான். விநாயகமூர்த்தியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"தட்டைக் கீழ வை புஷ்பா," என்றார். "யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். பல்லியும் இல்லை, விஷமும் இல்லை."

கட்டிலடியில் கை விட்டுக் கொட்டாங்கச்சியை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தார். பக்கத்தில் வெள்ளை டப்பாவையும் செம்பையும் வைத்தார்.

"இதுக்குப் பேரு கவா. ஒரு வேர். செம்புல இருந்ததும் இதான், உங்க வீட்டம்மா கன்னத்துல இருக்கிறதும் இதான். நாக்கும் உதடும் மரத்தது இதனாலதான், கொஞ்ச நேரத்துல சரியாப் போயிடும். இங்க பஜனையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. தினமும் ஆறு மணிக்குக் கைதட்டி இதைத்தான் குடிக்கிறேன். நீங்க தப்பா நினைப்பீங்கன்னு மறைச்சேன். மறைச்சதுதான் தப்பு."

ரத்தினம்மாள் ஷ்வேபோ சரக்கைத் திரும்பிப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் குடிச்சவன்," என்று விநாயகமூர்த்தி தொடர்ந்தார். குரல் உடைந்தாலும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. "பாலத்துல ஏறிப் பேசினதும் நான்தான். ஊரெல்லாம் தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அதனால பெகுக்காரங்க பாதி வழியில திரும்பினாங்க, இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லாம தட்டு கழுவினா. அன்னிக்கு விட்டேன். திஞ்சான்ல விட்டது, தீபாவளியில விட்டது, கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துல விட்டது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் விட்டிருக்கேன். அந்த நேரத்துல கை சும்மா இருக்காதுன்னு இந்தக் கொட்டாங்கச்சியைப் பிடிச்சுக்கிட்டேன். இதுல நான் வெட்கப்பட என்ன இருக்கு? நான் செஞ்ச காரியத்துலயே பெரிய காரியம் இதுதான். பொண்ணை எடுக்கிறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா அவ குடிகாரன் பொண்ணு இல்லை. குடியை விட்டவன் பொண்ணு."

ஊ தெய்ன் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் தலையை ஆட்டினார்.

புஷ்பலதா தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். "அப்பா சொன்னது எல்லாம் நிசம்," என்றாள் வந்தவர்களிடம், தட்டுத் தடுமாறிய தமிழில். "பஜனை மட்டும் பொய்."

சுப்பிரமணியம் குனிந்து கொட்டாங்கச்சியை இரண்டு கையாலும் எடுத்தார். அதன் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் கலங்கியதா, கவாவில் கலங்கியதா என்று விநாயகமூர்த்திக்குப் புரியவில்லை. அவர் விஜயகுமாரியைப் பார்த்தார். முடிவு அந்தக் கறாரான அம்மாளின் வாயில்தான் இருந்தது. வாய்தான் இன்னும் முழுசாக அவள் வசம் வரவில்லை.

விஜயகுமாரி முந்தானையால் கன்னத்தையும் உதட்டையும் அழுந்தத் துடைத்தாள். ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துவிட்டு வந்தாள். நாக்கை உள்ளேயே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பொண்ணு விஷயம் எங்க பக்கம் எப்பவோ முடிவாகிப் போச்சுண்ணே; பாலத்துல நின்னு பேசின மனுஷனே விட்டுட்டார்னா நானும் குடியை விட்டுடறேன்னு இவரு சொன்னாரு, அதான் இன்னிக்கு உங்களைப் பார்க்கக் கூட்டிட்டு வந்தேன்."